மாசமா இருக்கும்போது திருட்டு கேஸில் பிடிவாரண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் கோர்ட்டுகளில் இந்த மாதிரி கேஸ் புதுசு இல்லை. வீட்டு வேலைக்குப் போன இடத்தில் நகை காணோம் என்று பிராது, திருட்டு கேஸ், ஜாமீன். ஆரம்பத்தில் வாய்தாவுக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்த பெண் நடுவில் மாசமாகிறாள். மசக்கை தாங்காமல் அம்மா வீட்டுக்குப் போகிறாள், வாய்தா தவறுகிறது, மாஜிஸ்திரேட் பிடிவாரண்ட் போட்டுவிடுகிறார். அதற்கப்புறம் வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அதில் பாதி அவளை இன்னும் சிக்கலில் கொண்டுபோய் விடும் யோசனை. அப்படி நின்றுகொண்டு பெண்களும் அவர்களுடைய அம்மாமார்களும் வீட்டுக்காரர்களும் கேட்கிற கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். கேஸ் கட்டைப் பார்த்து உங்கள் வக்கீல் சொல்வதற்கு இது மாற்று கிடையாது, அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக உதவும்.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 1 முதல் சட்டங்கள் மாறிவிட்டன. அதற்கு முன் நடந்த சம்பவம் என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம், அதற்கப்புறம் நடந்தது என்றால் புதிய பாரதிய நியாய சன்ஹிதா. கைது, வாரண்ட், ஜாமீன், விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டமும் அதேபோல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா ஆகிவிட்டது. பிரிவு எண்கள் மாறினாலும் இந்த விஷயத்தில் உள்ளடக்கம் பெரிதாக மாறவில்லை. தேவைப்படும் இடத்தில் ரெண்டு எண்ணையும் தருகிறேன்.

வாரண்ட் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஸ்டேஷனில் போய்க் கேட்கலாமா?

ஸ்டேஷனில் போய்க் கேட்காதீர்கள். இருந்தால் அங்கேயே உட்கார வைத்துவிடுவார்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் வழக்கின் சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் (16 இலக்கம், எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும்) கடைசி வாய்தாவில் என்ன நடந்தது, அடுத்த வாய்தா என்றைக்கு என்று வரும். அந்த எண் தெரியாவிட்டால் உங்கள் பெயரைப் போட்டும் தேடலாம். செயலியில் சில நாள் தாமதமாகத்தான் ஏறும், அதனால் வக்கீல் குமாஸ்தாவிடம் சொல்லி கோர்ட் டைரியைப் பார்க்கச் சொல்வதுதான் நிச்சயமான வழி.

பார்க்கும்போது எந்த வாரண்ட் என்று கேளுங்கள். பெயிலபிள் வாரண்ட் என்றால் போலீஸே ஜாமீன்தாரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம். என்.பி.டபிள்யூ. என்று எழுதியிருந்தால் அது ஜாமீனில் விட முடியாத வாரண்ட், பிடித்து கோர்ட்டில்தான் நிறுத்துவார்கள். முதலில் சம்மன், அதற்கும் வராவிட்டால் பெயிலபிள் வாரண்ட், கடைசியாகத்தான் என்.பி.டபிள்யூ. என்ற வரிசையை உச்ச நீதிமன்றம் 2007-இல் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கிலும், 2022-இல் சதேந்தர் குமார் அன்டில் வழக்கிலும் சொல்லியிருக்கிறது. ஆனாலும் ஜாமீனில் இருக்கிற ஆள் வாய்தாவுக்கு வரவில்லை என்றால் நேராக என்.பி.டபிள்யூ. போடுகிற கோர்ட்டுகளும் உண்டு.

பிள்ளைத்தாய்ச்சியைப் போலீஸ் பிடிக்காது என்று எல்லாரும் சொல்கிறார்களே?

அப்படி ஒரு சட்டம் எங்கேயும் இல்லை. மாசமா இருக்கிறவளைக் கைது செய்யக் கூடாது என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. இருக்கிறது என்னவென்றால், பெண்களுக்குப் பொதுவான சில பாதுகாப்புகள். அதோடு, கர்ப்பம் என்ற காரணத்தைக் கோர்ட் இரக்கத்தோடு பார்க்கும் வழக்கம். ஆனால் கோர்ட் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் கோர்ட் முன்னால் நிற்க வேண்டுமே. புதுவயலில் அம்மா வீட்டில் அறைக்குள் படுத்திருக்கிற வயிற்றைத் தேவகோட்டையில் உட்கார்ந்திருக்கிற மாஜிஸ்திரேட் எப்படிப் பார்ப்பார்? அவருக்குத் தெரிவது ஒன்றுதான்: டபேதார் மூன்று தடவை பெயரைக் கூப்பிட்டார், யாரும் வரவில்லை.

பிரசவம் முடிந்தபிறகு போகலாம் என்று இருக்கிறோம். அதற்குள் வாரண்ட் காலாவதி ஆகிவிடாதா?

ஆகாது. வாரண்ட்டுக்குக் காலாவதி கிடையாது. போட்ட கோர்ட்டே ரத்து செய்யும் வரைக்கும், அல்லது ஆளைப் பிடித்து நிறுத்தும் வரைக்கும் அது உயிரோடு இருக்கும் என்று நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 72 (பழைய 70) சொல்கிறது. பத்து வருஷம் கழித்துத் திருவிழாவுக்கு வந்த இடத்தில் பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள்.

சும்மா இருந்தால் விஷயம் அப்படியே நிற்காது, மேலே மேலே போகும். போலீஸ் "ஆளைக் காணவில்லை" என்று ரிப்போர்ட் கொடுத்தால் கோர்ட் தேடப்படும் நபர் என்று பிரகடனம் செய்யலாம் (பிரிவு 84, பழைய 82). ஆஜராக 30 நாளுக்குக் குறையாமல் அவகாசம் கொடுத்து, வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். அந்தத் தேதிக்கும் போகாவிட்டால் அதுவே தனிக் குற்றம், 3 வருஷம் வரை தண்டனை உண்டு. ஜாமீனில் இருந்துகொண்டு தகுந்த காரணமில்லாமல் ஆஜராகாமல் இருந்தாலும் நியாய சன்ஹிதா 269, பழைய தண்டனைச் சட்டம் 229-ஏ படி ஒரு வருஷம் வரை. திருட்டு கேஸில் விடுதலையே ஆனாலும் இந்தக் கேஸ்கள் தனியாக நிற்கும்.

இன்னொரு ஆளும் இதில் மாட்டுவார், உங்களுக்கு ஜாமீன் நின்றவர். தாய்மாமனோ பக்கத்து வீட்டு அண்ணனோ வீட்டு வரி ரசீதைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருப்பார். நீங்கள் வராவிட்டால் பத்திரத்தில் எழுதிக் கொடுத்த தொகையை ஏன் கட்டக் கூடாது என்று அவருக்கு நோட்டீஸ் போகும். குடும்பத்துக்குள் சண்டை ஆரம்பிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

பிரசவத்துக்கு அப்புறம் போவது சுலபம் என்று நினைப்பதும் தப்புக் கணக்கு. பச்சைப் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு கோர்ட் வராண்டாவில் நிற்பதை யோசித்துப் பாருங்கள். நாலாவது ஐந்தாவது மாசத்திலேயே போய் முடித்துவிடுவது எவ்வளவோ தேவலை.

சரி, நாங்களாகவே போனால் அப்படியே உள்ளே தள்ளிவிட மாட்டார்களா?

பயப்படுவதற்கு இடம் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கிற அளவு இல்லை. நடைமுறை இப்படி இருக்கும். வக்கீல் வாரண்ட் ரீகால் மனு (வாரண்ட்டைத் திரும்பப் பெறக் கேட்கும் மனு) தயார் செய்து காலையிலேயே கொடுத்துவிடுவார். கோர்ட் பத்தரைக்கு உட்காரும், நீங்கள் பத்து மணிக்கே அங்கே இருக்க வேண்டும். பெயரைக் கூப்பிட்டதும் போய் நிற்பீர்கள். அந்த நிமிஷத்திலிருந்து நீங்கள் கோர்ட்டின் பிடியில் இருப்பதாகக் கணக்கு. மனுவின் மேல் உத்தரவு ஆகும்வரை ஓரமாக நிற்கச் சொல்வார்கள், வெளியே டீ குடிக்கப் போகக் கூடாது. நிற்க முடியவில்லை என்றால் வக்கீல் மூலம் சொல்லி உட்கார அனுமதி கேட்கலாம், மாசமான பெண்ணுக்கு அதை மறுப்பது அபூர்வம்.

மாஜிஸ்திரேட் பார்ப்பது மூன்று விஷயம்: தானாக வந்தாளா அல்லது பிடித்து வந்தார்களா, இதற்கு முன்னால் இதே மாதிரி தவறியிருக்கிறாளா, வராததற்குச் சொல்கிற காரணத்துக்குக் காகிதம் இருக்கிறதா. தானாக வந்து, முதல் தடவையாகத் தவறி, ஆஸ்பத்திரிச் சீட்டும் இருந்தால் பெரும்பாலும் அன்றைக்கே ரீகால் ஆகிவிடும். சிலசமயம் புது ஜாமீன்தாரர் கொண்டுவரச் சொல்வார்கள், சிலசமயம் கொஞ்சம் பணம் கட்டச் சொல்வார்கள். அதனால் ஜாமீன்தாரர்கள் ரெண்டு பேரை ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீதோடு கையோடு கூட்டிப்போங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு "ஆளைக் கூப்பிடு" என்று போன் போட்டு ஓடுகிற வேலை வேண்டாம்.

ஏற்கெனவே ரெண்டு மூணு தடவை வாரண்ட் ரீகால் ஆகி மறுபடி தவறியவர்கள், வேறு திருட்டு கேஸும் உள்ளவர்கள், போலீஸ் பிடித்துக்கொண்டு வந்தவர்கள், இவர்களுக்கு ரிமாண்ட் ஆகும் வாய்ப்பு உண்டு. அப்போதும் கதை முடியவில்லை. பெண், உடல்நலமில்லாதவர் ஆகியோருக்கு ஜாமீன் கொடுக்கலாம் என்று பிரிவு 480 (பழைய 437) தனியாகவே சொல்கிறது. ஜாமீன் மனுவில் கர்ப்ப விவரத்தை அந்தப் பிரிவோடு சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

ரீகால் மனுவில் என்ன எழுதுவார்கள்?

பெரிசாக ஒன்றும் இல்லை. ஏறக்குறைய இப்படித்தான் (கோர்ட் பாஷையில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்):

"நான் மேற்படி வழக்கில் எதிரி. முந்தைய வாய்தாக்களில் தவறாமல் ஆஜராகி வந்துள்ளேன். சென்ற வாய்தாவன்று நான் நான்கு மாத கர்ப்பிணியாக இருந்து, கடும் வாந்தி காரணமாக அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிகிச்சை பெற்றதால் ஆஜராக இயலவில்லை. அது வேண்டுமென்றே செய்ததல்ல. இன்று நானாகவே முன்வந்து கனம் கோர்ட்டார் முன்பு ஆஜராகியுள்ளேன். என் மீது பிறப்பித்த பிடியாணையைத் திரும்பப் பெற்று உத்தரவிட வேண்டுமாய்ப் பிரார்த்திக்கிறேன்."

இதில் உயிர் இருப்பது தேதியில். வாய்தா தேதியும் சிகிச்சைத் தேதியும் ஒத்துப்போக வேண்டும். மூன்று வாய்தா தவறியிருந்தால் மூன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டும், ஒன்றுக்கு மட்டும் சீட்டைக் கொடுத்துவிட்டு மற்றதை விழுங்கினால் அரசு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். கையெழுத்துப் போடுவதற்கு முன் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தேதியே எழுதாத மனுவில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

என்னென்ன காகிதம் எடுத்துப்போவது?

ஸ்கேன் ரிப்போர்ட், தாய் சேய் நலப் புத்தகம், பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்தவுடன் கிராம சுகாதார செவிலியர் தருவது), வாய்தா நாளை ஒட்டிய ஓ.பி. சீட்டு, ஆதார், பழைய ஜாமீன் உத்தரவின் நகல். அசல் உங்களிடம் இருக்கட்டும், கோர்ட்டில் நகல் கொடுங்கள். தாய் சேய் புத்தகத்தை யாரிடமும் விட்டுவிட்டு வரக் கூடாது, அடுத்த செக்கப்புக்கு அது இல்லாமல் அலைய வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். வாரண்ட் இருப்பதால் ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று கர்ப்பத்தையே பதிவு செய்யாமல் இருக்கிறார்கள். நர்ஸம்மா பதிவு செய்வது பிரசவத்துக்கும் தடுப்பூசிக்கும் உதவித்தொகைக்கும். வாரண்ட் தேடுகிற வேலை அவருடையது இல்லை. பதிவு செய்யாவிட்டால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியும் போகும், கோர்ட்டில் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. எல்லாவற்றையும்விட, ரத்த அழுத்தமோ ரத்தசோகையோ இருந்தால் யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

கோர்ட் வாசலில் மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன் என்று ஆள் நிற்பார். வேண்டாம். நிஜமாகவே வயிற்றில் பிள்ளை இருக்கிறவளுக்குப் பொய்ச் சர்டிபிகேட் எதற்கு? அது ஒன்று பொய் என்று தெரிந்துவிட்டால் நிஜமான ஸ்கேனையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

ஒன்பதாம் மாசம், டாக்டர் எழுந்திருக்கவே கூடாது என்றிருக்கிறார். எப்படிக் கோர்ட்டுக்குப் போவது?

போகாதீர்கள், ஆனால் கோர்ட்டுக்குச் சொல்லாமலும் இருக்காதீர்கள். வாரண்ட்டைப் போட்ட கோர்ட் ரத்து செய்யலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, எதிரி நேரில் நின்றால்தான் என்று அந்தப் பிரிவில் எழுதவில்லை. ஆனால் வழக்கத்தில் பெரும்பாலான மாஜிஸ்திரேட்டுகள் நேரில் வரச் சொல்வார்கள். இந்த நிலைமையில் வக்கீல், டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள சான்று, எதிர்பார்க்கும் பிரசவ தேதி, குடும்பத்தில் ஒருவரின் அபிடவிட் எல்லாம் வைத்து, நேரில் வர விலக்குக் கேட்டு மனுப் போடலாம். பிரசவத்துக்கு அப்புறம் இன்ன தேதிக்குள் நேரில் வருகிறோம் என்று நாமாகவே எழுதிக் கொடுத்தால் மனு பலப்படும். காணொளி வழியாக ஆஜராகக் கேட்கவும் புதிய சட்டத்தில் (பிரிவு 530) இடம் இருக்கிறது, அந்தக் கோர்ட்டில் வசதியும் மாஜிஸ்திரேட்டின் சம்மதமும் வேண்டும்.

அங்கே மறுத்துவிட்டால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. நம்ம செட்டிநாட்டு ஊர்களில் பெரும்பகுதி சிவகங்கை மாவட்டம், ராயவரம் மாதிரி சிலது புதுக்கோட்டை மாவட்டம்; ரெண்டுக்கும் மதுரைதான். ரீகால் மனுவைப் போடுகிற அன்றைக்கே விசாரித்து முடிவெடுக்கும்படி மாஜிஸ்திரேட்டுக்கு உத்தரவு கேட்டு அங்கே மனுப் போடுவது வழக்கத்தில் உள்ளதுதான். செலவு கூடும், அதனால் முதல் படியாக இதைச் செய்ய வேண்டாம்.

ராத்திரி போலீஸ் வந்து கதவைத் தட்டினால்?

பொழுது சாய்ந்தபின், விடிவதற்கு முன் ஒரு பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலைமை என்றால், பெண் போலீஸ் அதிகாரி எழுத்துமூலம் காரணம் காட்டி மாஜிஸ்திரேட்டிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும் (பிரிவு 43, பழைய 46). இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம், நிதானமாகச் சொல்லுங்கள்: "சார், ஏழு மாசம், காலையில் நாங்களே வக்கீலோடு கோர்ட்டுக்கு வந்துவிடுகிறோம், பெண் போலீஸ் இல்லாமல் வேண்டாம்." சொன்னபடி காலையில் போய்விடுங்கள்.

பகலில் வந்து பிடித்தால் ஓடாதீர்கள், கொல்லைப்புறச் சுவர் ஏறிக் குதித்து விழுந்தால் யாருக்கு ஆபத்து என்று யோசியுங்கள். வாரண்ட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். மாசமா இருக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், தாய் சேய் புத்தகத்தையும் சாப்பிடுகிற மாத்திரையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பைச் சோதனை போடுவது பெண்தான் செய்ய வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்தியாக வேண்டும். வலி, ரத்தப்போக்கு, தலைசுற்றல் எது இருந்தாலும் முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தும்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார், அந்த இடத்தில் கூச்சப்பட்டு "நல்லாருக்கேன்" என்று தலையாட்டிவிடாதீர்கள்.

ஒருவேளை ரிமாண்ட் ஆகிவிட்டால் குழந்தை ஜெயிலிலா பிறக்கும்?

பிறக்கக் கூடாது என்பதுதான் விதி. 2006-இல் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விவரமாகச் சொல்லியிருக்கிறது: கர்ப்பிணிக் கைதிக்குப் பரிசோதனையும் தகுந்த சாப்பாடும் வேண்டும், பிரசவம் கூடியவரை ஜெயிலுக்கு வெளியே ஆஸ்பத்திரியில் நடக்க ஏற்பாடு செய்ய வேண்டும், பிறப்புச் சான்றில் பிறந்த இடம் ஜெயில் என்று பதியக் கூடாது. குழந்தை 6 வயது வரை தாயோடு இருக்கலாம். உள்ளே போன உடனே ஜெயில் டாக்டரிடம் கர்ப்ப விவரத்தைப் பதிவு செய்ய வைப்பது வெளியே இருக்கிற குடும்பத்தின் வேலை. வக்கீல் மூலம் ஒரு மனுவாகவே கொடுத்துவிட்டால் ஜாமீனுக்கும் அது பயன்படும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை.

பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வருமானச் சான்று உங்களுக்கு வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு பெண்களுக்கு வருமான வரம்பு வைக்கவில்லை. கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கும், சிவகங்கையில் மாவட்ட ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் போட்டும் கேட்கலாம். இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று நடத்துவார் என்று ஒரு பேச்சு உண்டு. காசு வாங்கிக்கொண்டு வாய்தாத் தேதியைக்கூடச் சொல்லாத வக்கீல்களும் இருக்கிறார்கள், ஆளைப் பொறுத்தது.

நகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், வீட்டுக்கார ஆச்சியும் "போகட்டும் விடு" என்றுவிட்டார். கேஸ் முடிந்துவிட்டதுதானே?

இல்லை. இதை நம்பித்தான் நிறையப் பேர் வாய்தாவுக்குப் போகாமல் நின்றுவிடுகிறார்கள், அப்புறம் வாரண்ட். எஃப்.ஐ.ஆர். போட்ட நிமிஷத்திலிருந்து கேஸை நடத்துவது அரசாங்கம். ஆச்சி மனசு மாறியது கோர்ட்டுக்குத் தெரியாது, தெரிந்தாலும் எழுத்தில் வர வேண்டும்.

எந்தப் பிரிவு என்று குற்றப்பத்திரிகையைப் பாருங்கள், எல்லாம் அதில்தான் இருக்கிறது. சாதாரணத் திருட்டு (பழைய 379, புதிய 303) என்றால் பொருளுக்குச் சொந்தக்காரர் கோர்ட்டில் வந்து சமாதானமாகப் போகிறோம் என்று சொன்னால் கேஸை முடிக்கலாம், மக்கள் நீதிமன்றத்திலும் முடிக்கலாம். வேலைக்காரர் முதலாளி வீட்டில் திருடியதாக (பழைய 381, புதிய 306) இருந்தால் கோர்ட் அனுமதியோடு சமாதானம். ஆனால் நம்ம பக்கம் போலீஸ் போடுவது பெரும்பாலும் வீட்டுக்குள் திருட்டு (பழைய 380, புதிய 305), அது சமாதானப் பட்டியலில் இல்லை. ரெண்டு தரப்பும் ஒத்துப்போனாலும் அதை ரத்து செய்ய மதுரைக் கிளைக்குத்தான் போக வேண்டும்.

ஆச்சி சென்னையிலோ மலேசியாவிலோ மகன் வீட்டில் இருப்பார், வருஷத்துக்கு ஒரு தடவை படைப்புக்கோ கல்யாணத்துக்கோதான் ஊர்ப்பக்கம் வருவார். அவர் வருகிற நாளைத் தெரிந்துகொண்டு வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அந்த நாலு நாளைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். அவரிடம் பேசப் போகும்போது பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போங்கள், தனியாகப் போய் அழுதுவிட்டு வந்தால் "சாட்சியை மிரட்டினாள்" என்று யாராவது திரித்துவிடலாம்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டால் இந்த அலைச்சலே இருக்காதே?

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். 379-க்கு மூன்று வருஷம் வரை ஜெயில் அல்லது அபராதம் அல்லது ரெண்டும், அதனால் ஃபைனோடு முடிய வழி இருக்கிறது. 380, 381-க்கு ஏழு வருஷம் வரை ஜெயிலும் அபராதமும் என்று இருக்கிறது, ஃபைன் மட்டும் கட்டிவிட்டு வருவது அங்கே சரிப்படாது. ஒப்புக்கொண்டால் தண்டனை பெற்றவள் என்று பதிவாகிவிடும். நாளைக்கு அங்கன்வாடி வேலைக்கு மனுப் போட்டாலும் அது வந்து நிற்கும்.

நிஜமாகவே எடுத்துவிட்டேன், முதல் தடவை, முடித்துக்கொள்ள வேண்டும் என்கிறவர்களுக்கு 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. அதன் 3-ஆவது பிரிவில் 379, 380, 381 எண்களே போட்டிருக்கிறது: முன் தண்டனை இல்லாதவரை ஜெயிலுக்கு அனுப்பாமல் கண்டித்து விட்டுவிடலாம். 4-ஆவது பிரிவில் நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடலாம். புதிய சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருள், முதல் தடவை, பொருளையோ பணத்தையோ திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் சமூக சேவைதான் தண்டனை. ஒப்புக்கொள்வதற்கு முன்னால் வக்கீல் இதையெல்லாம் கேட்டு வைத்திருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நான் எடுக்கவே இல்லை. எதற்காக நான் போய் நிற்க வேண்டும்?

எடுக்கவில்லை என்று சொல்வதற்குத்தான். நம்ம ஊர்ப் பெரிய வீடுகள் பல மாசக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். சாவி ஒருவரிடம், கூட்டிப் பெருக்குவது ஒருவர், சுண்ணாம்பு அடிக்க ஒருவர், மராமத்துக்கு நாலு பேர் என்று இரண்டாங்கட்டு வரைக்கும் போய்வருகிறார்கள். வீட்டுக்காரர்கள் வந்து பெட்டகத்தைத் திறக்கும்போதுதான் எவர்சில்வர் அடுக்கு இருக்கிறது, வெள்ளிச் செம்பைக் காணோம் என்று தெரியும். எப்போது போனது என்று ஒருவருக்கும் தெரியாது, கை காட்டுவது மட்டும் தினமும் வந்துபோகிற பெண்ணை. இந்த மாதிரி கேஸில் அரசுத் தரப்பு நிரூபிப்பது கஷ்டம், சாட்சி விசாரணையில் உடையும். ஆனால் எதிரி தலைமறைவு என்று பதிவாகிவிட்டால், எடுக்காதவள் ஏன் ஓடினாள் என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிற கேஸில்தான் வாய்தா தவறக் கூடாது.

பிரசவம் வரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறி வர வேண்டுமா?

வேண்டாம். பிரிவு 355 (பழைய 317) படி அன்றைக்கு மட்டும் வர இயலவில்லை என்று வக்கீல் மனுக் கொடுத்தால் போதும். அதை வாய்தா அன்று காலையிலேயே கொடுக்க வேண்டும், வாரண்ட் போட்டபிறகு மதியம் கொடுத்துப் பிரயோஜனமில்லை. வக்கீலுக்கு முதல் நாளே போன் செய்து சொல்லிவிடுங்கள், "அவருக்குத் தெரியும்" என்று இருந்துவிடாதீர்கள். மாசங்கள் அதிகமாகும்போது பிரசவம் முடியும்வரை நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்டு ஒரே மனுவாகப் போடலாம். குற்றச்சாட்டு வாசித்துக் கேள்வி கேட்கிற நாளுக்கும் தீர்ப்பு நாளுக்கும் மட்டும் பொதுவாக நேரில் வரச் சொல்வார்கள்.

மே மாசம் கோர்ட் லீவு என்று நம்பி விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அந்த லீவு சிவில் கோர்ட்டுகளுக்கு. மாஜிஸ்திரேட் கோர்ட் மே மாசமும் நடக்கும்.

வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். அங்கே போய்ப் பிரசவம் பார்க்கலாமா?

வாரண்ட் இருக்கும்போது நினைக்கவே வேண்டாம். ஏர்போர்ட்டில் சிக்கினால் அங்கிருந்து நேராகக் கோர்ட்டுக்குத்தான். கிரிமினல் கேஸ் நிலுவையில் இருந்தாலே புது பாஸ்போர்ட்டுக்குக் கோர்ட் அனுமதி வேண்டும், வாரண்ட் இருந்தால் இருக்கிற பாஸ்போர்ட்டையே முடக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. முதலில் ரீகால், அப்புறம் வெளிநாடு போக அனுமதி மனு, அந்த வரிசையில்தான் போக வேண்டும். அனுமதி கிடைக்கும் என்று நம்பி டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

ரீகால் ஆகிவிட்டது, ஆனால் மறுபடியும் போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரிக்கிறார்கள். ஏன்?

கோர்ட்டில் உத்தரவு ஆனது ஸ்டேஷனில் வாரண்ட் பார்க்கிற ஏட்டு கையில் இருக்கும் பட்டியலுக்குப் போய்ச் சேர நாளாகும். சிலசமயம் போகாமலே கிடக்கும். அதனால் ரீகால் ஆன அன்றைக்கே உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டுவிடுங்கள். நகல் கிடைத்ததும் ஒரு பிரதியை வக்கீல் கடிதத்தோடு அந்த ஸ்டேஷனில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். இதைக் கொடுக்க நீங்கள் போக வேண்டியதில்லை, வீட்டுக்காரரோ குமாஸ்தாவோ போதும். இன்னொரு பிரதி தாய் சேய் புத்தகத்துக்குள்ளேயே இருக்கட்டும், ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் கூடவே வரும். போட்டோ எடுத்து அம்மா போனிலும் வீட்டுக்காரர் போனிலும் வைத்துவிடுங்கள், அடுத்த வாய்தா தேதியையும் அதன்கூடவே.